எட்டாவது நிமிடம்

ஏலிஸ் ஹுக்கனெனின் பதவிப் பெயர் அட்டையில் இரண்டு வரி ஓடும்: வடகரைப் படகு நிறுவனத்தின் கூட்டணி உறவுகள் தலைமை மேலாளர். தென்கரை நிறுவனத்தோடு மூன்று வருடமாகப் பேச்சு. ஏரியின் நடுத்தீவில் பயணிகள் மாறி ஏறும்வரை இரு கரைப் படகுகளும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும் என்பதை எண்பத்துநான்கு பக்க ஒப்பந்தமாக எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் பதவியே இருக்காது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

வியாழன் மாலை, தென்கரை இயக்குநர்களை நடுத்தீவு சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்கு, அழைத்திருந்தார். உள்ளே போனபோது மேல் பலகையில் ஏற்கெனவே இரண்டு பேர். ஆவியில் முகம் தெரியவில்லை. உடம்பில் உடுப்பும் இல்லை, பதவியும் இல்லை.

"இரு நிறுவனங்களின் தொலைநோக்கும் ஒன்றாகக் கலக்கும் இந்த நன்னாளில்..."

"மொதல்ல தண்ணிய ஊத்துப்பா."

அடுப்பின் மேலிருந்த சுடுகல்லில் ஊற்றினார். கல் சீறியது. வெண்புகைக்குள் பலகையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

"உங்கள் படகு எங்களுக்காகக் காத்திருக்குமா?"

"காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! தினம் ஏழு நிமிஷம். வருஷம் மூணாச்சு."

"யார் உத்தரவு?"

"உத்தரவா? இவன் படகு தூரத்துல வர்றது தெரியுது. விட்டுட்டுப் போனா சனங்க குளிர்ல நிக்கணும்ல?"

"நீங்க... இயக்குநர் இல்லையா?"

"நான் கௌக்கோ, தென்கரைப் படகோட்டி. இவன் ரெய்மா, உங்க கம்பெனி ஆளுதான். தொப்பியக் கழட்டினா அடையாளம் தெரியாதாக்கும்?"

ரெய்மா உடம்பில் தட்டிக்கொள்ளும் இலைக்கொத்தை உயர்த்தி வணக்கம் வைத்தார்.

ஏலிஸ் கீழ்ப்பலகைக்கு இறங்கினார். ஏற்கெனவே நடப்பதற்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

"ஒரு உதவி. நாளைக்குக் காலைல மட்டும் காத்திருக்காமப் போயிடுங்களேன். மத்தியானம் நான் அதைச் சரிபண்ணிடறேன்."

"நல்லா இருக்கே! உங்க வேலைக்கு ஊர் விறைக்கணுமா?"

ரெய்மா இலைக்கொத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "ஒப்பந்தத்துல எட்டு நிமிஷம்னு எழுதிக்குங்க. ஏழு எங்களோடது. ஒண்ணு உங்களுக்கு."

இயக்குநர்கள் அரைமணி கழித்து வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருந்ததோ என்னவோ, எட்டு என்றதும் முகம் மலர்ந்தது. மறுநாள் கையெழுத்தானது.

திங்கள் காலை, மூடுபனி. ஏழு நிமிடத்தில் எல்லோரும் மாறி ஏறிவிட்டார்கள். இரண்டு படகுகளும் தோளோடு தோள் உரசி லேசாக ஆடின. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. செய்வதற்கு யாருக்கும் எதுவும் இல்லை. துறையில் ஏலிஸ் மட்டும் கடிகாரத்தைக் கையில் ஏந்தி, தன் நிமிடத்தைக் காவல் காத்து நின்றார்.