பட்டறை என்றால் என்னங்க?

1

ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த கதை இது. உண்மையில் 'பட்டறை' என்ற சொல்லின் பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரைதான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் லினெட் வந்துவிட்டாள். கட்டுரை அங்கேயே நின்றது.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'உப்பளத்தின் கடற்காற்றில் துருவின் மணம்...' வேண்டாம். (மணத்தில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.)

2

லினெட் உப்பளம் என்ற கடலோரப் பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாள். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வாள். அது தெரிந்ததும் இரண்டு வரன்கள் விலகிப்போயின. அதனால் அடுத்துப் பெண் கேட்டு வந்த மரிய அருண் வீட்டார் "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டபோது அம்மா லூர்துசெல்வி சுருக்கமாக முடித்துக்கொண்டாள். "பட்டறை நடத்துறா."

அருண் பள்ளி ஆசிரியன். பயிற்சிப் பட்டறை, கவிதைப் பட்டறை என்று போய்வருபவன். பட்டறை என்றால் அவனுக்கு நாற்காலி, மைக், மதியச் சாப்பாடு. ஒருநாள் போனில் கேட்டான்: "அடுத்த பட்டறை எப்பங்க? நானும் கலந்துக்கிறேன்."

லினெட்டுக்குப் புரிந்துவிட்டது.

"நிச்சயம் முடியட்டும்டி. அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

"அப்புறம் அவரு மூஞ்சி மாறறத நான் பாக்கணுமா? இப்பவே பாத்துடறேன்." போனை எடுத்தாள். "இன்னிக்கே வாங்க. இங்க தெனமும் பட்டறைதான்."

3

(இந்த இடத்தில் அவனை அற்பனாக்க நினைத்தேன். 'முகத்தைச் சுளித்துக்கொண்டு அவன்...' என்று எழுதி நிறுத்திவிட்டேன். கதைக்கு அது வசதி, அவனுக்கு அநியாயம்.)

தேய்த்த சட்டையில் வந்து இறங்கினான். உள்ளே பொறி பறந்துகொண்டிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தவள் லினெட்.

"எழுத்துப் பட்டறைன்னு நெனச்சேங்க."

"இதாங்க என் பட்டறை. போறதுன்னா போயிடுங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

அவன் போகவில்லை. "எங்கம்மா ஊரு பெரம்பலூர் பக்கம். அங்க பட்டறைன்னா வெங்காயத்த அழுகாம அடுக்கிவைக்கிறது. நல்லவேளை, உங்கள வெங்காய வியாபாரின்னு நெனைக்கல."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிரித்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் இதேதானா?"

"இதேதான்."

பாதியில் கிடந்த கேட்டின் பக்கம் குனிந்தான். "பத்தவைக்கிறத ஒரு தடவ பாக்கலாமா?"

4

முடிவு இங்கே வர வேண்டும். அவன் வீட்டார் மறுத்தார்கள் என்று ஒன்று எழுதினேன். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக மணஓலை வாசித்தார்கள் என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன்.

பற்றவைக்கும் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. பட்டறையில் முகமூடி இரண்டுதான். ஒன்றை அவள் மாட்டிக்கொண்டாள். மற்றதை நீட்டினாள், அவன் வாங்கிக்கொண்டான்.

நமக்கு மூன்றாவது இல்லை. நாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.