இரவல் நாக்கு

அப்துல் கையூம் காப்பிக்கொட்டை வறுத்தால், ஒப்பணக்கார வீதியில் பஸ் பிடிக்க ஓடுகிறவனும் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் ஓடுவான். வறுவலுக்கு அவருக்கு மூக்கு போதும். ஆனால் எந்தக் கொட்டையோடு எதைச் சேர்ப்பது, சிக்கரி எவ்வளவு என்பதை நாக்குதான் சொல்லும். ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் அவர் ஒரு பொட்டலமும் கட்டியதில்லை.

அந்த வருஷம் பொங்கலும் நோன்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கடையில் கூட்டம் முட்டி மோதியது. பாயின் நாக்கோ பகல் முழுக்க விடுமுறையில் இருந்தது.

இதில் பல்லடம் ரோட்டு மில் ஆர்டர் வேறு. பொங்கல் விடுமுறை கழிந்து மில் திறக்கும் அன்று, தொழிலாளிகளுக்கு ஆளுக்கு அரைக்கிலோ காப்பித்தூள் கொடுப்பது அந்த மில்லின் வழக்கம். போன வருஷம் அதை எதிர்க்கடைக் காப்பித்தூள் வியாபாரி சீனிவாசலு தட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த ஆர்டரை நம்பிப் பாய் வாங்கிய புது அரவை மிஷின் கோணிப்பைக்குள் தூங்கியது. இந்த முறையும் கைநழுவினால் மிஷினை விற்க வேண்டியதுதான்.

"நோன்பு தொறந்த பொறவு குடிச்சுப் பாக்கறது?" என்றாள் மனைவி சாஜிதா பேகம்.

பார்த்தார். காப்பி அமிர்தமாக இருந்தது. சந்தேகம் வந்து வெந்நீரைக் குடித்தார். அதுவும் அமிர்தமாக இருந்தது.

"பகலெல்லாம் காஞ்ச நாக்கு சாஜிதா. எதை ஊத்துனாலும் சலாம் போடுது" என்றார்.

மறுநாள் பக்கத்துச் சைக்கிள் கடை சென்னியப்பனைப் பிடித்தார்.

"சென்னியப்பா, மில் ஆர்டர் முடியற வரைக்கும் உன்ற நாக்கு எனக்கு வேணும்."

பழனிக்கு நடப்பதற்காக மாலை போட்டிருந்த சென்னியப்பன், அந்த மாலையைத் தடவினான். வாயைத் திறந்து மூடினான். யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதன்.

"ஆகட்டுங்க பாய். ஆனா நோன்பு புடிக்கற மனுசன் முன்னால குடிக்கறது நல்லாருக்காதுங்க. பொறவாசல் பக்கம் போயிக்கறனுங்க."

பாய்க்கு நெஞ்சு இளகிவிட்டது.

அன்று முதல் சென்னியப்பன் நிறைந்த தம்ளரோடு பின்னால் போவான், கொஞ்ச நேரத்தில் தீர்ப்போடு திரும்புவான்.

"சிக்கரி தூக்கலுங்க பாய். மூஞ்சியத் திருப்பச் சொல்லுது."

பாய் சிக்கரியைக் குறைத்தார்.

"இப்பப் பரவால்லீங்க. பாதி உள்ள போச்சு."

பாய் கொட்டையை மாற்றினார். ஒரு நாள் சென்னியப்பன் ஓடியே வந்தான். "பாய்! தம்ளரு அடிவரைக்கும் நக்கியாச்சுங்க!"

அந்தக் கலவையைப் பாய் உறுதி செய்தார்.

இதற்கிடையில் சாஜிதாவுக்கு வேறு கவலை. "ஏங்க, பெருநாளுக்கு வாங்கின கிடா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது. ஓட்டு மேல ஏறிக் குதிக்குது."

"இந்தக் குளிருக்குக் குதிக்கும்" என்று பாய் தூளைச் சலிக்கப் போய்விட்டார்.

மில் முதலாளியின் தாயார் ரங்கநாயகி அம்மாள் ஒரு மத்தியானம் குடையும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டார். யாரிடம் தூள் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். டாக்டர் காப்பியைத் தடுத்திருந்ததால் முகர்ந்து பார்ப்பதோடு சரி.

"வாசனை இருக்குது. குடிச்சுப் பாத்தது யாரு?"

"எனக்கு நோன்புங்கம்மா. இந்தச் சென்னியப்பனுங்க."

"போன வருசமும் யாரோ குடிச்சாங்கன்னுதான் சொன்னாங்க. இவரு என்ற முன்னால குடிக்கட்டும்."

பாய் பெருமையோடு தம்ளரை நீட்டினார். சென்னியப்பனின் முகம் பஞ்சரான டியூப் மாதிரி சுருங்கியது.

"சாமி குத்தமாயிருமுங்க அம்மா."

"மாலை போட்டா கவுச்சிதான ஆகாது?" என்றார் பாய்.

"ரொம்பப் புடிச்சது ஒண்ணையும் உடோணும்னு குருசாமி சொல்லிப்போட்டாருங்க. எனக்குக் காப்பிதானுங்களே… நீங்க கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க பாய்."

"அடப்பாவி! அப்ப இத்தனை நாளா நக்குனது யாரு?"

சென்னியப்பன் புறவாசலைப் பார்த்தான். அங்கிருந்து "மே…" என்று பதில் வந்தது.

ரங்கநாயகி அம்மாள் பாயைப் பார்த்தார். "யாருங்க பாய் குடிச்சது?"

நோன்பு திறந்தபின் மனைவி குடித்தாள் என்றால் மிஷின் தப்பிக்கும். நோன்பு வாயில் பொய் வரவில்லை. கோணிப்பை கண்முன் வந்து நின்றது.

"ஆடுங்கம்மா" என்றார் பாய், தரையைப் பார்த்து.

அம்மாள் தம்ளரை வாங்கிக்கொண்டு நேரே புறவாசலுக்குப் போனார். கிடா ஒரே மூச்சில் குடித்தது, தம்ளரை நக்கியது, இன்னும் வேண்டுமென்று அவர் குடையை முட்டியது. அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போன வருசம் தூள் கொடுத்த மறுநாளே ஆளுக எல்லாம் மில் கேட்டுல நின்னு, 'இதை ஆடு கூடத் தொடாதுங்கம்மா'ன்னு என்ற முகத்துக்கு நேராச் சொன்னாங்க. ஒரு வருசமா காதுலயே நிக்குது அந்தப் பேச்சு. இந்தத் தடவை எவன் சொல்றான்னு பாத்தர்றேன். ஆர்டர் உங்களுக்குத்தானுங்க பாய்."

பாய் அந்தக் கணமே கோணிப்பையை உருவப் போனார்.

"ஆனா ஒண்ணு. அடுத்த வருசமும் இதே ஆடுதான் ருசி பாக்கோணும்."

"கண்டிப்பாங்கம்மா!"

அம்மாள் போனதும் கதவுக்குப் பின்னாலிருந்து சாஜிதா கேட்டாள். "அப்பப் பெருநாள் பிரியாணி?"

"பல்லடத்துல கோழிக்கா பஞ்சம்?" என்றார் பாய்.

சென்னியப்பனுக்குத் திக்கென்றது. தைப்பூசம் முடிந்து மாலையைக் கழற்றினால் அடுத்து வருவது பாய் வீட்டுப் பெருநாள். அந்த மட்டன் பிரியாணியை நினைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாளும் சைவத்தைச் சகித்திருந்தான்.

"மட்டன் இல்லீங்களா பாய்?"

"அதை என்னைக் கேட்டா? உன்ற நாக்கைக் கேளு."

கிடா காலித் தம்ளரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.