ரூபினி எந்த நாடு?

என் தங்கை ரூபினி போடும் டெக்னோ இசையை நான் ரசித்ததே இல்லை. மாவு மில் ஓடுவது போலிருக்கும். ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வாரமெல்லாம் உழைத்துவிட்டு, லீவு நாளையும் அதற்கே கொடுக்கிறவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெர்லினிலிருந்து மத்தியாஸ் என்ற பெரிய டிஜே ஆள் தேடி எங்கள் ஜார்ஜ் டவுனுக்கு வந்தார். அவர் பெர்லினில் நடத்தும் விழாவில் நாட்டுக்கு ஒரு டிஜேதான். மலேசியாவின் இடம் ரூபினிக்குக் கிடைக்க வேண்டுமென்று வீடே சாமி கும்பிட்டது. அவள் போட்டதைக் கண்மூடிக் கேட்ட மத்தியாஸ், உள்ளூர் ஏற்பாட்டாளன் ஷாருலிடம், "இந்தப் பெண் என்ன ஆள்?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"இந்தியன் லா" என்றான் ஷாருல், எங்கள் ஊர் 'லா'வோடு.

பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தவறாகப் படவில்லை. மலாய், சீனர், இந்தியன் என்று இனத்தைச் சொல்லியே பழகிய வாய் எங்களுக்கு. மத்தியாஸ் அதை நாடு என்று எடுத்துக்கொண்டார். விளம்பரம் வந்தபோது ரூபினியின் பெயருக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி. மலேசியக் கொடி ஷாருலுக்கு, அவனும் டிஜேதான். அவனுடைய பூட்டனும் எங்கள் பூட்டனும் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். வீட்டில் அவன் பேசுவதும் தமிழ்தான்; முஸ்லிம் பெயர் என்பதால் மலாய்க்காரன் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

ரூபினி மத்தியாஸுக்குப் போன் போட்டாள். "டெக்னோவுக்கு ஏது நாடு? கொடியெல்லாம் சும்மா அலங்காரம்" என்று சிரித்தார். அப்படியானால் மாற்றுங்கள் என்றாள். மலேசியாவுக்கு ஓர் இடம்தான், வருவதானால் இந்தியாவாக வா என்றார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஷாருல் வீட்டுக்கு வந்தான்.

"இந்தியான்னே வாங்கலா அக்கா. ரெண்டு பேரும் போவலாம்."

"நான் இந்தியாவ கண்ணால பாத்ததில்ல ஷாருல்" என்றாள் ரூபினி. " இவங்க மலேசியான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

சொன்னால் அவன் இடம் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான்.

ரூபினி விலகிக்கொண்டாள். அவன் மட்டும் பெர்லின் போனான். அவள் ஹெட்போனைத் தொடவே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

விழா முடிந்ததும் ஷாருல் போனில் கூப்பிட்டான். ரூபினி ஸ்பீக்கரில் போட்டாள். குரலே சரியில்லை.

"அக்கா, இங்க ஆளாளுக்கு என்னை இந்தியாவான்னு கேக்குறாங்க."

நல்லா வேணும் என்று சொல்ல வாயெடுத்தேன். ரூபினி கையமர்த்தினாள்.

"நீ என்ன சொன்ன?"

"மலேசியான்னேன்."

"நம்புனாங்களா?"

"இல்லக்கா. அது சரி, நெசமா எந்த நாடுன்னு திரும்பவும் கேக்குறாங்க."

இத்தனைக்கும் பிறகு, அவனுக்காக அழுதாள் என் தங்கை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.