ராவல்பிண்டி மாதுளை

1970 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்பாலா ராணுவக் குடியிருப்பிலிருந்து கிளம்பிய கொய்யா மரம் கோவளத்தில் சைதூன் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. அன்று கடலில் நெத்திலி நிறையப் பட்டிருந்ததால் ஊரில் பலருக்கு விஷயம் சாயங்காலம்தான் தெரிந்தது. கிணற்றுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மரம் நின்றது. அடிமரத்தில் கீழே காவி, மேலே சுண்ணாம்பு. பட்டாளத்தில் அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் அப்படிப் பூசிவிடுவார்கள். எனவே எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சைதூனின் கணவர் சுபேதார் ஷஃபியுல்லா, மதராஸ் சாப்பர்ஸ் படையில் பாலம் கட்டியே காலத்தைக் கழித்து முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்னால் பெட்டியும் பிள்ளையுமாக அலைந்தவள் சைதூன். மூன்று வருஷத்துக்கு மேல் எந்தக் கூரையின் கீழும் அவள் இருந்ததில்லை. குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்தால் காலி செய்யும்போது அபராதம் போடுவார்கள். ஆகவே அவள் ஆணி அடிக்காமல் கன்று நட்டாள். மண்ணைத் தோண்டுவதற்கு அபராதம் இல்லை. ஆனால் கன்று பூ வைக்கிற நேரம் பார்த்து மாற்றல் உத்தரவு வந்துவிடும். பழமெல்லாம் அடுத்து வந்த குடும்பத்தின் வாய்க்குப் போனது.

கொய்யாவுக்குப் பின்னால் டேராடூன் லிச்சி வந்தது. அடுத்த வருஷம் ஷில்லாங் பேரி. குளிரிலேயே வளர்ந்த மரம், உப்புக்காற்றில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு காய்த்தது. திருப்போரூரிலிருந்து விவசாய அதிகாரி ஒருவர் வந்து, இந்த மணலில் லிச்சி காய்க்க வழியே இல்லை என்று தீர்த்துச் சொன்னார், நான்கு லிச்சி தின்றார், பஸ் பிடித்துப் போனார்.

கொல்லையின் வடமேற்கு மூலையில் மட்டும் சைதூன் எதையும் நடாமல், ஒரு விறகுக்கட்டையைக்கூட வைக்கவிடாமல், தினமும் பெருக்கி வைத்திருந்தாள். அது ராவல்பிண்டிக்கு உரிய இடம். நாட்டைப் பிரிப்பதற்கு முந்தைய வருஷம் அங்கேதான் அவளுக்குத் தலைப்பிள்ளை ராபியா பிறந்தாள். குழந்தை நாற்பது நாள்கூடத் தங்கவில்லை. அங்கிருந்த மையத்தாங்கொல்லையில் அடக்கம் செய்து, கபரின் தலைமாட்டில் சைதூன் ஒரு மாதுளங்கன்று நட்டாள். பதினைந்தாம் நாள் மாற்றல். அப்புறம் நடுவில் ஒரு எல்லைக்கோடு விழுந்தது. சுபேதாரே ஆனாலும் மகளின் கபரைப் பார்க்க இனிப் போக முடியாது. அந்தத் துக்கத்தை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை.

71 டிசம்பரில் சண்டை மூண்டது. ரேடியோவை நிறுத்திவிட்டு ஷஃபியுல்லா, "இனிமே அது வராது சைதூன்" என்றார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

மகன் முனீருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் பெற்றோரை அழைத்துப் போக வந்தான். வருஷம் தவறாமல் வந்தான். 76இல் அவனுக்குப் பொறுமை தீர்ந்தது. மழைக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸ் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றான். ஷஃபியுல்லா கறுப்பு டிரங்குப் பெட்டிகளைத் துடைத்து வாசலில் வரிசையாக வைத்தார்.

"மறுபடியும் குவார்ட்டர்ஸாடா?" என்றாள் சைதூன். "எத்தினி வூட்ல நட்டுகீறேன். ஒரு வூட்லயாவது பழுக்கிற வரிக்கும் இருந்தேனா? நான் அங்க வந்த பொறவு அது வந்து நின்னா இன்னா பண்ணும்? காலி வூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போவும். அன்னிக்கும் வுட்டுட்டு வந்தேன், இன்னிக்கும் வுட்டுட்டுப் போவணுமா?"

முனீர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். அம்மா அழுவதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

அந்த வருஷம் ஜூலையில் லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் இடையே ரயில் விட்டிருந்தார்கள். மரம் அதில் வந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. செப்டம்பர் கடைசியில், சாமான் ஏற்ற லாரி வரவேண்டிய நாள் காலையில், மாதுளை வடமேற்கு மூலையில் பூவும் பிஞ்சுமாக நின்றது. அதன் காலடியில் ஒரு முழ நீளத்தில் சின்ன மண்மேடும் கூடவே வந்திருந்தது. சைதூன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கையை வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை.

மீன் கொண்டுவந்த அமிர்தவல்லிதான் முதலில் கவனித்தாள். கோவளத்தில் இரண்டு மாதமாக மழை கிடையாது. ஆனால் மேட்டு மண் ஈரமாக இருந்தது. அடிமரத்துச் சுண்ணாம்பும் புதுசு.

"பாயம்மா, இத்தினி வருசமா யாரோ தண்ணி ஊத்திகினு இருந்துகீறாங்க."

ஷஃபியுல்லா உள்ளே போனார். சுத்தியலைத் தேடி எடுத்து, தன் வாழ்நாளின் முதல் ஆணியைச் சுவரில் அடித்து, சட்டையைக் கழற்றி மாட்டினார். முனீர் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்றே குவார்ட்டர்ஸும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான்.

மாசியில் பழம் பழுத்தது. முதல் பழத்தைச் சைதூன் மேட்டருகே உட்கார்ந்து, ஒரு முத்துகூடக் கீழே விழாமல் தின்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. தண்ணீர்க் குடத்தோடு வந்து, வெறும் பள்ளத்தைப் பார்த்து நிற்கிற அந்த யாரோ ஒருத்தியின் நினைப்பு அவளை விடவில்லை. பெற்றவளுக்கு இருக்கிற பாத்தியதை வளர்த்தவளுக்கும் உண்டல்லவா? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அடிமரத்தில் புதுசாகக் காவி பூசி, மேட்டைத் தடவிக்கொடுத்து, "போயிட்டு வா. அங்க ஒருத்தி தேடிகினு இருப்பா" என்றாள். மறுநாள் மூலை காலியாக இருந்தது. அவள் பெருக்கி வைத்தாள்.

அடுத்த செப்டம்பரில் மாதுளை திரும்ப வந்தது. காவி சைதூன் பூசியது, வெயிலில் வெளுத்திருந்தது. அதற்கு மேலே சுண்ணாம்பு புதிதாக இருந்தது. மாசியில் மீண்டும் போனது. 78, 79 இரண்டு வருஷமும் அப்படியே. செப்டம்பர் கடைசி ஆனால் அமிர்தவல்லி மீன் கூடையை இறக்கும்போதே விசாரிப்பாள்:

"இன்னா பாயம்மா, பொண்ணு வந்துட்சா?"

"நேத்தே வந்துட்சு. உள்ள வா, பழுத்ததும் மொதப் பழம் ஒனக்குதான்."