வீட்டிலிருந்து வந்த போன்

பதினொன்றே காலுக்கு தேவிப்ரியா தன் புருஷனுக்குப் போன் செய்ய வேண்டும். இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. அந்தப் போன் அவன் உயிரை எடுத்துவிடலாம் என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றவர்கள் லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

மல்லசமுத்திரத்தில் இரண்டு அறை வீடு. முன்னறையில் குடை விரித்த மாதிரி இரண்டு விளக்கு, கால் வைக்க இடமில்லாமல் ஒயர், சேலத்திலிருந்து வந்த கேமராமேன் குருமூர்த்தி. பக்கத்து வீட்டு பச்சமுத்துவின் தறிகளை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த பதினாலு வருஷத்தில் பகலில் தறிச் சத்தம் கேட்காத வீடு இல்லை அது. நின்றதும் அவளுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அக்கா, கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கணும்," என்றாள் ரஞ்சனி. சென்னை டைரக்டர். வயசு இருபத்தாறு. கையில் இரண்டு போன், இரண்டும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தன.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தானுங்க இருந்தேன்."

குருமூர்த்தி கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரித்தான்.

நிகழ்ச்சியின் பெயர் 'உச்சி ரோடு'. ஆறு லாரி டிரைவர்கள், இமயமலையில் பதினோரு நாள், கேபினுக்குள்ளேயே கேமரா. இன்று கடைசி மலை. குறைந்த நேரத்தில் உச்சி செக்போஸ்ட்டைத் தொடுகிறவருக்கு ஒரு புது பன்னிரண்டு சக்கர லாரி. அதுவரை வண்டியை விட்டுக் கீழே இறங்கினால் அவுட். நாமக்கல் டிரைவர் முருகானந்தம்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

சொந்த வண்டி வந்துவிட்டால் டிரைவர் போட்டுக்கொள்ளலாம். ஓனர் வீட்டில் இருப்பார். மாசத்தில் இருபத்தாறு நாள் ரோட்டில் கிடக்கிற மனுஷன் வீட்டில் இருப்பார். தேவிப்ரியா கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். போட்ட காகிதத்தில் 'குடும்ப நேரம்' என்று ஒரு வரி இருந்தது. வீட்டிலிருந்து ஒரு போன், திடீரென்று, அவனுக்குச் சொல்லாமல். செய்தால் அவன் நேரத்தில் ஐந்து நிமிஷம் கழிவு, செய்யாவிட்டால் ஐந்து நிமிஷம் கூடுதல். பின்னால் வருகிற லாரிக்கும் அவனுக்கும் இருந்த வித்தியாசமே மூன்று நிமிஷம்தான்.

"ரஞ்சனி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. எங்க பக்கம் லோடு ஏத்திப் போன டிரைவருக்கு ஊட்டுல இருந்து போன் பண்ணமாட்டாங்க. அவங்க எங்கியாச்சும் நிறுத்திட்டுத்தான் கூப்பிடுவாங்க."

"தெரியும்க்கா. போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? அதுல இருந்துதான் எங்க சார் இந்த ஐடியாவே பிடிச்சாரு. பதினாலு வருஷத்துல முதல் போன்!"

"முதல் போன் இல்லீங்க. ரெண்டாவது."

ரஞ்சனி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

ஏழு வருஷத்துக்கு முன் மாமனார் கருப்பண்ணன் மாரடைப்பில் போனபோது தேவிப்ரியா ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். முருகானந்தம் அப்போது திம்பம் மலையில் இறங்கிக்கொண்டிருந்தான். போனில் 'வீடு' என்று பேர் தெரிந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. எடுக்கவில்லை. கை தவறி, வண்டி தடுப்புச் சுவரில் உரசி, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது. காரியம் முடிந்த பிறகு சொன்னான்: "இனிமே என்ன ஆனாலும் நீ கூப்பிடாத ப்ரியா. நானே நின்னுட்டுக் கூப்பிடறேன்."

அவள் கூப்பிடவில்லை. பாப்பா கனிஷ்காவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது கூப்பிடவில்லை. சமையல்கட்டில் பாம்பு வந்தபோது கூப்பிடவில்லை. தனக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன மத்தியானம் போனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் கூப்பிட்டது மறுநாள். "சாப்டியா? பாப்பா எங்க? சரி, வெக்கறேன்." பின்னால் ஹாரன் சத்தம்.

"அவர் நிக்கறப்ப பண்றேனே?" என்றாள் இப்போது.

"நிக்க மாட்டார்க்கா, ரேஸ். டவர் கிடைக்கிறதே ஒரு கிராமத்துக்கிட்ட ரெண்டு கிலோமீட்டர்தான். ஒன்பது வளைவு. அதைத் தாண்டிட்டா உச்சி வரைக்கும் ஒண்ணும் கிடையாது. எனக்கு மட்டும் ஆசையா? மேலிடத்துல இருந்து உயிரை வாங்கறாங்க."

மேஜைமேல் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் முருகானந்தத்தின் முகம், பின்னால் போகிற டி.வி. காரிலிருந்து சாட்டிலைட் வழியாக. சத்தம் வரவில்லை, படம் மட்டும். குளிருக்குக் குரங்கு குல்லா. பதினோரு நாள் தாடி. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாட்டா, பேச்சா தெரியவில்லை. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. இவ்வளவு நேரம் அவன் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. வீட்டுக்கு வந்தால் தூங்குவான், டயர் பார்ப்பான், கிளம்புவான். தனியாகப் பேசுகிறவன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ரஞ்சனியின் போனில் மலையிலிருந்து யாரோ கத்தினார்கள். "டீ கிளாஸைத் திருப்பிக் குடுத்துட்டாராம், கிளம்பிட்டாராம்," என்றாள் அவள். டேப்பில் முருகானந்தம் ஜன்னல் வழியாக வாங்கிய டீயை அப்போதுதான் வாய்க்குக் கொண்டுபோனான். இவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று தேவிப்ரியா விட்டுவிட்டாள்.

"டவர் வந்தாச்சு. ரெடியா இருங்க." ரஞ்சனி இன்னொரு போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

அப்போதுதான் டேப்பில் ஆடுகள் வந்தன.

நூறா, இருநூறா தெரியவில்லை. ரோடு முழுக்க வெள்ளை. முருகானந்தம் பிரேக் போட்டான். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தான். அந்தக் கை அசைவு அவளுக்குத் தெரியும். வண்டி நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து உள்ளங்கையை ஊதிக்கொண்டான்.

நிற்கிறான். இதைவிட நல்ல நேரம் வராது.

யாரையும் கேட்கவில்லை. போனை எடுத்தாள். 'மாமா' என்று போட்டிருந்த அவன் பேரை அழுத்தினாள்.

மணி போனது. ஒன்று. இரண்டு. மூன்று.

டேப்பில் அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த போன் இருட்டாகவே இருந்தது.

ஐந்து. ஆறு. கட்.

"ஏனுங்க, போன் அவருக்கு அடிக்கவே இல்லீங்களே?"

குருமூர்த்தி கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க... நீங்க பாக்கறது இப்ப நடக்கறது இல்லீங்க. படம் ஒரு நிமிஷம் லேட்டா வருது."

அவளுக்குப் புரிய இரண்டு மூச்சு ஆனது. டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. மணி அடித்துவிட்டது. அங்கே என்ன நடந்ததோ அது நடந்து முடிந்துவிட்டது. அவளால் செய்ய முடிந்தது உட்கார்ந்து பார்ப்பது மட்டும்.

ஆடுகள் விலகின. முருகானந்தம் ஹேண்ட் பிரேக்கை இறக்கினான். வண்டி நகர்ந்தது. இடது பக்கம் பாறை. வலது பக்கக் கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. வளைவு. ஸ்டீயரிங்கை ஒடிக்க ஆரம்பித்தான். பாதி ஒடித்திருந்தான்.

டேஷ்போர்டில் போன் எரிந்தது.

அவன் கண் அதில் விழுந்தது. உதடு நின்றது. ஒடித்த கை அப்படியே இருந்தது. வளைவு இடது பக்கம் போக, வண்டி விளிம்பைப் பார்த்துப் போனது. கண்ணாடி முழுக்க வானம். படம் ஒரு குலுக்கு குலுங்கியது.

கறுப்பு.

வாசலிலிருந்து ரஞ்சனி ஓடி வந்தாள். போனை அழுத்தினாள், கத்தினாள். மலையில் பின்னால் வந்த கார் ஆட்டு மந்தைக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தது. அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. முருகானந்தம் எண் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'.

"சாரிக்கா... சாரி..."

தேவிப்ரியா அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து. தறிச் சத்தம் இருந்திருந்தால் தேவலை என்று பட்டது. அந்த அமைதியில் தன் மனசு பேசுவது அவளுக்கே கேட்டது. லாரிக்காகவா கூப்பிட்டே? ஐந்து நிமிஷக் கழிவுக்கா? இல்லை. ஒரு தடவையாவது நாமாகக் கூப்பிட வேண்டும் என்றிருந்தது. ஏழு வருஷமாக இருந்தது. ஆடு வந்ததும் சாக்குக் கிடைத்தது. அவ்வளவுதான்.

பதினெட்டு நிமிஷம்.

பக்கத்து வீட்டில் போன் மணி அடித்தது. தறி ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

பச்சமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். போனை நெஞ்சோடு பொத்தியிருந்தார்.

"அம்மிணி! முருகானந்தம் லைன்ல இருக்கறான்."

அவள் எழுந்தாள். கால் ஒயரில் சிக்கியது.

"என்ன ஏதுன்னே தெரியல. 'மாமா, எங்க ஊட்டுல யாரு? பாப்பாவா?'ன்னு கேக்கறான். பல்லு கிட்டிக்குது அவனுக்கு. நான் என்னத்தைச் சொல்றது? இங்க எல்லாரும் நல்லாத்தான இருக்கறீங்க?"

வீட்டிலிருந்து போன் என்றால் அவனுக்கு அது சாவுதான். சாவைப் பற்றிச் சாவு வீட்டில் கேட்கமாட்டான். கருப்பண்ணன் போனபோதும் பச்சமுத்துவைத்தான் கூப்பிட்டான். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

போனை வாங்கினாள். குருமூர்த்தியின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "சாமி, அதைக் கொஞ்சம் அணைச்சிருங்க," என்றாள். அவன் ரஞ்சனியைப் பார்த்தான். ரஞ்சனி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ஏனுங்க..."

அந்தப் பக்கம் காற்று. பிறகு அவன் குரல், யாருடையதோ மாதிரி. "யாரு ப்ரியா?"

"யாருமில்லீங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்கறா. எல்லாரும் நல்லா இருக்கறோம்."

"பொய் சொல்லாத. நான் நின்னுட்டுத்தான் இருக்கறேன். சொல்லு."

"சத்தியமா யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு அடி ஏதும்..."

"கல்லுல மோதி நின்னுருச்சு. முன்னாடி கண்ணாடி போச்சு. பின்னால எடுத்து மேல ஓட்டிப் பாத்தேன், டவர் வுட்டுப்போச்சு. நிறுத்திட்டு நடந்தே கீழ வந்தேன்."

"வண்டியை வுட்டு எறங்கிட்டீங்களா?"

"எறங்காம? ஊட்டுல இருந்து போன் வந்திருக்குது."

ரஞ்சனிக்கும் புரிந்துவிட்டது. கையிலிருந்த காகிதக் கட்டைச் சத்தமில்லாமல் மூடினாள்.

போனுக்குள் தூரத்தில் ஒரு ஏர்ஹாரன் கேட்டது. நெருங்கியது. அவனைத் தாண்டி மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அந்தச் சத்தமும் தேய்ந்து முடிந்தது.

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

டி.வி.க்காரர்கள் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"சும்மாதானுங்க."

"சும்மாவா?"

"ஆமாங்க. சும்மா."

காற்று மட்டும் இரைந்தது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் அழுத்தினாள். அவன் மூச்சு கேட்டது. வழக்கமாக இந்த இடத்தில்தான் 'சரி, வெக்கறேன்' வரும். அவள் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்ததில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. டெங்கு, பாம்பு, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வந்து நின்றன.

"கேஸ் தீந்துபோச்சுங்க," என்றாள். "நேத்து சாயந்திரம்."

"ம்."

அந்த மலையில் அவன் எங்கோ ஒரு கல்லின்மேல் உட்காருகிற சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றான்.