மை தடவிய கட்டைவிரல்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பிரஸ் மிஷின்கள் தகட்டை அறையத் தொடங்கிவிட்டன. எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது; விழுந்த ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்ந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, இங்கே வேலை செய்யும் அக்கா தங்கை இருவரில் பெரியவளின் வலது கையில் நான்கு விரல்களைத் தின்றதும் இவற்றில் ஒன்றுதான். வேகம் குறைகிறதென்று, கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னவர் முதலாளி; பழி மட்டும் அவள் தலையில். இப்போது இடது கையால் பட்டறையைப் பெருக்குகிறாள்.

பக்கத்து மிஷினில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவள் அவள் தங்கை, சின்னவள். அன்றிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. வாரத்தில் இரண்டு தடவை கைகால் வெட்டி இழுக்க விழுந்தாள். காக்காய் வலிப்பென்று நினைத்து, பெரியவளே அவள் மேல் ஏறி உட்கார்ந்து, வாயில் கரண்டியைத் திணித்து முன்பல்லை உடைத்தாள். அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவது?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடைத்துச் சொன்னார்: “மூளைல கோளாறு இல்ல. மனசு தாங்க முடியாததை உடம்பு தூக்கிப் போடுது. நடிப்பு இல்லம்மா, அது அவ கையில இல்ல. குணப்படுத்தலாம். விழுந்தா பக்கத்துல இருங்க, பிடிச்சு அமுக்காதீங்க.”

பெரியவள் அதைப் பட்டறையில் வந்து சொன்னபோது, முதலாளிக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் ஏறியது.

அன்று காலை சின்னவள் மறுபடி விழுந்தாள். தலை சிமெண்டுத் தரையில் மோதி ரத்தம் தெறித்தது. பெரியவள் துணியை மடித்துத் தலைக்குக் கீழே வைப்பதற்குள் முதலாளி காகிதமும் மைப்பெட்டியுமாக வந்துவிட்டார்.

“கோளாறு இல்லன்னு ரிப்போர்ட்டே சொல்லுது. நாடகக்காரிக்கு இங்க வேலை இல்ல.”

துள்ளிக்கொண்டிருந்த கையை முழங்காலால் நசுக்கி, கட்டைவிரலில் மை தடவினார். அவளே வேலையை விட்டுப் போவதாக அவர் எழுதிவைத்திருந்த காகிதம் அது.

“ஐயா, கையை விடுங்க.”

“நீ பெருக்குற வேலையைப் பாரு.”

பெரியவள் துடைப்பக் கட்டையால் அவர் தோளில் ஓங்கி அறைந்தாள். அவர் எழுந்து கன்னத்தில் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. மறுபடியும் காகிதத்தோடு குனிந்தார். அதற்குள் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொழிலாளர்களின் எண்ணெய்க் கைகள் பின்னாலிருந்து அவரை வளைத்து இழுத்தன.

“விடுங்கடா! என்னையே பிடிக்கிறீங்களா?”

“அவளைத்தான் பிடிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க,” என்றார் மிஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். “உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

பெரியவள் காகிதத்தைப் பல்லால் கடித்து, இடது கையால் கிழித்தாள். கையை உதறிக்கொண்டு விலகிய முதலாளி போனில் பேசிவிட்டுத் திரும்பினார்.

“போலீஸ் வருது. இப்பவே மிஷினை ஓட்டினா, அடிச்சவளைத் தவிர மத்தவங்க பிழைச்சீங்க.”

“காப்புத் தகட்டை மாட்டுங்க. இவளை வேலையில வெச்சே வைத்தியம் பாருங்க. அப்புறம் ஓட்டுறோம்,” என்றார் ஃபிட்டர்.

சின்னவள் மெல்லக் கண் திறந்தாள். அக்காவின் உதட்டு ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, நான் யாரையாவது அடிச்சிட்டேனா?”

“நீ இல்லடி. நான்தான் அடிச்சேன்.”

“நாங்கன்னு சொல்லு,” என்றபடி ஃபிட்டர் அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.