தங்க வளையத்தில் ஒரு விரற்கடை

1

விருத்தாசலத்துக்கு நான் போனது ஒரு பிணத்தை ஒளிக்க. வாரப் பத்திரிகைக்குப் பன்னிரண்டு அத்தியாயத் தொடர். கொலையாளி பிணத்தைப் பீங்கான் சூளைக்குள் தள்ளுகிறான். எலும்பு மிஞ்சுமா என்று சூளைக்குச் சொந்தக்காரர் செல்வநாயகியிடம் கேட்டேன்.

"மிஞ்சுதோ இல்லியோ, என் கப்பெல்லாம் கறையாயிடும். பொணத்துக்கு வேற எடம் பாருங்க சார்."

கொலைகாரன் அங்கேயே வேலை இழந்தான். செல்வநாயகியின் மேசைமேல் இருந்த பொருளைப் பார்த்தேன். கதை மாறியது.

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்த வெள்ளை உருண்டைக்குள் டிக் டிக் என்று

(இல்லை. பழக்கதோஷம்.)

இரண்டாவது முயற்சி: அது தேங்காய் அளவுப் பீங்கான் கூடு. உள்ளே, படகு ஆபத்தில் சிக்கினால் கரைக்குச் சேதி அனுப்பும் கருவி. அதைச் செய்தவர் நாஜியா, உள்ளூர் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். பழைய கருவிகளில் சார்ஜர் குத்தும் ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கிவிடும். நாஜியாவுடையதில் ஓட்டையே கிடையாது. தட்டு மாதிரி ஒரு சார்ஜர். மேலே வைத்தால் கம்பியில்லாமல் மின்சாரம் ஏறும். கூடு இரும்பு என்றால் தடுத்துவிடும். பிளாஸ்டிக் நாளாக ஆக வெயிலில் வெடிக்கும். பீங்கானுக்கு இரண்டு தொல்லையும் இல்லை.*

* "எங்க ஊரு பீங்கானுக்குன்னு எழுதுங்க" என்றார் செல்வநாயகி. எழுதிவிட்டேன்.

3

அன்று மூன்று மணிக்குக் கடலூரிலிருந்து காத்தவராயன் வருவதாக இருந்தது. விசைப்படகுக்காரர். அவருக்குப் பிடித்தால் அவர் சங்கத்து நாற்பது படகுக்கும் பீங்கான் கூடு. பிடிக்காவிட்டால் பிளாஸ்டிக்.

ஏழு கூடுகளில் ஆறு சூளையிலேயே விரிசல் விட்டிருந்தன. மிஞ்சிய ஒன்றுக்குள் நாஜியா கருவியை வைத்து ஒட்டி மூடிவிட்டார். தட்டில் வைத்தார். சிவப்பு விளக்கு.

"ஏறலக்கா."

"அழுத்தி வையி."

"அழுத்தறதுக்கு இதென்ன ரப்பர் ஸ்டாம்பா? ஒடைச்சுதான் பாக்கணும்."

"மொதல்ல என் மண்டைய ஒடை. அப்பறம் அத ஒடை."

4

இங்கே ராஜ்மோகன் என்ற வில்லனை நுழைத்தேன். பிளாஸ்டிக் கம்பெனி உளவாளி, கறுப்புக் கண்ணாடி. ராஜ்மோகன் ஜன்னல் வழியாக மெல்லக் கையை

(வேண்டாம். குற்றவாளி அறைக்குள்தான் இருந்தார்.)

செல்வநாயகி கூட்டைத் தடவினார். முப்பது வருடம் சூளை வாசலில் நின்ற கை.

"ஒடம்பு சில்லுனு இருக்குது. இந்தக் கோடு மட்டும் சுடுது பாரு."

கூட்டின் அடியைச் சுற்றி மஞ்சள் வளையம். அதற்குமேல் அதே மஞ்சளில் 'விருத்தாசலம்' என்ற பெயர்.

"அக்கா, இது பெயின்ட்தானே?"

"பெயின்ட்டா? கொலு பொம்மைக்குக் கிரீடம் போடற அசல் தங்கத் தண்ணி! மூணு தடவ பூசி மறுபடி சுட்டேன். ஊரு பேரு கடலுக்குப் போவுது, மஞ்சப் பெயின்ட்டுலயா அனுப்புவாங்க?"

நாஜியா தலையில் கை வைத்துக்கொண்டார். போன மாதம் சோதித்த கூட்டில் தங்கம் இல்லை, சார்ஜ் ஏறியது. தங்கமும் உலோகம்தான். மூடிய வளையமாக இருந்தால், தட்டிலிருந்து கிளம்பும் சக்தி அதிலேயே சுற்றிச் சூடாகித் தீர்ந்துவிடும். உள்ளே போகாது.

"அப்ப எல்லாத்தையும் சொரண்டணுமா? பேரையுமா?" செல்வநாயகியின் குரல் இறங்கியது.

"பேரு இருக்கட்டும்க்கா. வளையம் ஒரு எடத்துல அறுந்தா போதும்."

உப்புத்தாளைச் செல்வநாயகியே எடுத்தார். நாஜியாவிடம் கொடுக்கவில்லை. ஒரு விரற்கடை தேய்த்தார்.

பச்சை விளக்கு.

மூன்று மணிக்கு வந்த காத்தவராயன், கூட்டை உப்புத்தண்ணீர் வாளியில் அமுக்கினார், எடுத்தார், ஈரத்தோடு தட்டில் வைத்தார். பச்சை.

"எல்லாம் சரிங்க. வளையத்த ஏன் முடிக்காம வுட்டுட்டீங்க?"

"அது அப்புடித்தான். நாப்பதுலயும் அப்புடித்தான் இருக்கும்" என்றார் செல்வநாயகி.

"நாப்பதுன்னு நான் இன்னும் சொல்லலியே?"

"சொல்லுவீங்க."

காத்தவராயன் சிரித்தார். "மொதல்ல இது என்னோட கடலுக்கு வரட்டும்" என்று துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

5

முடிவு ஒன்று: புயல். படகு கவிழ்கிறது. கூடு சேதி அனுப்புகிறது. ஆறு பேர் பிழைக்கிறார்கள். போனில் படித்துக் காட்டினேன்.

"என் சாமானு பேரு வாங்கறதுக்கு ஆறு பேரு தண்ணியில வுழணுமா? அடிச்சுடுங்க சார்" என்றார் செல்வநாயகி.

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஒன்றும் நடக்கவில்லை. மீனோடு படகு திரும்புகிறது. கூடு வாயே திறக்கவில்லை. எங்கள் பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: "இந்த முடிவுல என்ன சார் இருக்கு?"

ஆறு பேர் இருக்கிறார்கள் என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், இருபது வருடப் பழக்கத்தில், கதையை முழுசாக மூடிவிடக் கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் மூடிய வளையம் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்துவிட்டேனே.

படகு கரை சேர்ந்த மாலை காத்தவராயன் போன் செய்தார். எனக்கும் கேட்கட்டும் என்று செல்வநாயகி ஸ்பீக்கரில் போட்டார். எடுத்த எடுப்பில் காத்தவராயன் சொன்னது:

(ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் யோசித்து எழுதுங்கள். செல்வநாயகி அதற்கு முன்னாலேயே நாற்பதுக்கும் களிமண் கரைத்துவிட்டார்.)